ஊர்க் கொட்டாவி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் இரண்டு காதும் அறுந்து விழட்டும். காது டாக்டராகிய நான் இதைவிடப் பெரிய பிணை எதையும் வைக்க முடியாது. கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். முழுவதையும் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று நாலைந்து நிஜங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நாகைக்குத் தெற்கே புன்னைக்கரை என்று ஓர் ஊர். ஐப்பசி கார்த்திகையானால் புயல் வந்து கூரைகளைப் பிடுங்கும். சனங்கள் மறுபடி வேய்வார்கள். அது மறுபடி பிடுங்கும். கடைசியில் நிவாரணம் கொடுத்துக் கொடுத்து அரசாங்கத்துக்கே அலுத்துப்போய், ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே கூரையாகப் போட்டுவிட்டது. தூண் இல்லை, கம்பி இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு துணி. அதைத் தாங்கி நின்றது உள்ளே இருந்த காற்றுதான். ஊரைச் சுற்றி யானை உயரத்துக்கு விசிறிகள். அவை இரவு பகல் ஓயாமல் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். தள்ளிய காற்று ஓடிப்போகாதபடி வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. சனங்கள் அதைப் பந்தல் என்றார்கள். பந்தலைப் பராமரிக்க ஒரு கழகம். கழகத்துக்கு ஒரு தலைவர், சிவப்பிரகாசம். கழகத்தின் காது டாக்டராக என்னைப் போட்டார்கள்.

ஒரு ஊருக்குத் தனியாகக் காது டாக்டர் எதற்கு என்று நானும் முதலில் யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் தருமாம்பாள் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். வலது காதில் பஞ்சு. பஞ்சிலிருந்து கழுத்துவரை எண்ணெய் வழிந்திருந்தது.

“என்ன டீச்சர் ஊத்துனீங்க?”

“நல்லெண்ணெய்தான் சார். பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடா.”

“கடுகு ஒண்ணுதான் பாக்கி. தாளிச்சே இருக்கலாம்.”

துடைத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தேன். சவ்வில் மிளகு அளவுக்கு ஓட்டை.

“நேத்து புயலுக்கு விசிறிய வேகமா ஓட்டினாங்களே, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“தூங்கிட்டேன் சார். ஞாயித்துக்கிழமை, மத்தியானம், ஆட்டுக்கறிக் கொழம்பு. தூங்காம என்ன பண்றது?”

“அதான் வினை. காதுக்குள்ள ஒரு சவ்வு இருக்கு, மத்தளத் தோல் மாதிரி. இந்தப் பக்கம் ஊர்க் காத்து. அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. மூக்குக்குப் பின்னாலேருந்து அந்த அறைக்கு ஒரு சந்து போவுது. சந்து எப்பவும் மூடித்தான் கெடக்கும். எச்சில் முழுங்கினா, கொட்டாவி விட்டா, ஒரு நொடி தொறக்கும். புயல் வந்து பந்தல அமுக்குதுன்னு உள்ள காத்த ஏத்துறாங்கல்ல, அந்த நேரம் சந்து தொறக்கலேன்னா சவ்வு உள்ளாற இழுபட்டுப் போயிரும். மொதல்ல செவக்கும். அப்புறம் ரத்தம் கட்டும். கடைசியில கிழியும். தூங்குறவங்க எச்சில் முழுங்குறதே கம்மி.”

“ஒட்டுமா சார்?”

“தானா ஒட்டும், சில வாரத்துல. அதுவரைக்கும் தண்ணி, எண்ணெய், சாவி, ஊக்கு, கோழி இறகு எதுவும் உள்ள போவக் கூடாது.”

“கோழி இறகுகூடவா?” என்றார் டீச்சர். அவர் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

அவருக்குப் பின்னால் அன்று வரிசை கடைத்தெரு வரைக்கும் நின்றது.

நான் தலைவரிடம் போனேன். சிவப்பிரகாசம் கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டை, சந்தனம், மெதுவான பேச்சு. அவர் எதிரில் யாரும் உட்காரமாட்டார்கள். செருமமாட்டார்கள். கொட்டாவி வந்தால் தொண்டைக்குள்ளேயே அமுக்கிக்கொண்டு கண்ணில் நீர் வழிய நிற்பார்கள். மற்ற இடங்களில் அந்த ஊர்க்காரர்கள் கொட்டாவி விடும்போது வாய்க்கு நேராக இரண்டு சொடக்குப் போடுவார்கள். அது அவர்கள் வழக்கம். தலைவர் எதிரில் சொடக்கும் கிடையாது, கொட்டாவியும் கிடையாது.

“மெதுவா ஏத்துங்க, போதும்,” என்றேன். “புயல் வருதுன்னு முந்தின நாளே தெரியுது. காலையில தொடங்கி சாயங்காலம் வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தினா ஒரு காதுக்கும் ஒண்ணும் ஆவாது. ஒரே மூச்சில ஏத்துறதுதான் கிழிக்குது.”

“நாள் பூரா விசிறிய முழு வேகத்துல ஓட்டுறதுன்னா கரண்டு என்னத்துக்கு ஆவும் டாக்டர்? ஓட்டி முடிச்சப்புறம் புயல் ஆந்திராவுக்குப் போயிருச்சுன்னா?”

“போனா நல்லதுதானே?”

“கணக்குத் தணிக்கைக்காரன் அப்படிச் சொல்லமாட்டான். நீங்க வேற வழி சொல்லுங்க.”

வேறு வழி எனக்குத் தெரிந்தவரை எழுதிக் கொடுத்தேன். விசிறி வேகமெடுக்குமுன் சங்கு ஊத வேண்டும்; ஊதியதும் எல்லாரும் விழித்திருக்க வேண்டும். மிட்டாய் சப்பி எச்சில் விழுங்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். சளி பிடித்தவர்கள் முன்கூட்டியே என்னைப் பார்க்க வேண்டும். இதனால் காதுகள் ஓரளவுக்குப் பிழைத்தன. தூக்கம் செத்தது. மழைக்காலத்தில் சங்கு எப்போது வேண்டுமானாலும் ஊதும். ஊரே கண் சிவந்து திரிந்தது. நாவிதர் பாதி மீசை வழித்ததோடு தூங்கிப்போவார். பாதி மீசையோடு உட்கார்ந்திருப்பவரும் தூங்கிப்போவார். நான் போயிருந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டார். மேளக்காரர்கள் தூக்கத்திலேயே கெட்டிமேளம் வாசித்தார்கள், தாளம் தப்பவில்லை.

இப்படியிருந்த ஊரில் ஒருநாள் செங்கமலம் கொட்டாவி விட்டாள்.

செங்கமலம் கழகத்தின் அறிவிப்பாளர். தெருவுக்குத் தெரு இருந்த திரைகளில் வந்து, புயல் எங்கே நிற்கிறது, விசிறி எப்போது வேகமெடுக்கும் என்று சொல்வது அவள் வேலை. அவள் புருஷன் வேதரத்தினத்துக்கு விசிறிக் கூடத்தில் வேலை. காற்றை ஏற்றி இறக்குகிற சக்கரம் அவன் கையில். அவர்களுக்குத் தென்றல் என்று கைக்குழந்தை. காற்றோடு மாரடிக்கிறவன் பெண்ணுக்கு இப்படியா பேர் வைப்பான் என்று ஊர் சிரித்தது. குழந்தை விடிய விடிய அழும். அம்மாக்காரி விடிந்ததும் பவுடர் போட்டுக்கொண்டு திரைக்கு வருவாள்.

அன்றைக்கு, “பொதுமக்கள் அனைவரும் அவரவர்...” என்றவள் அதற்குமேல் சொல்லாமல் வாயைத் திறந்தாள். சாதாரணக் கொட்டாவியா அது? அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளை உயர்த்தி, கண்ணை இடுக்கி, கடைவாய்ப் பல்வரை காட்டி, முடியப் போகிறது என்று நினைக்கும்போது இன்னொரு சுற்று விரிந்தது. மாதக்கணக்கில் தூங்காத ஒரு பெண்ணின் கொட்டாவி. கடைத்தெரு விட்டது. பள்ளிக்கூடம் விட்டது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த குருக்கள் விட்டார். ஊர் முழுக்கச் சொடக்குச் சத்தம் ஓலைக்கூரையில் மழை விழுவது மாதிரி கேட்டது. அந்த நேரம் விசிறிகள் வேகமெடுத்தன. அத்தனை காதிலும் அத்தனை சந்தும் திறந்துகொண்டன.

அன்று என் வைத்தியசாலைக்கு ஒருவரும் வரவில்லை. நான் பரிசோதனைக் கட்டிலில் படுத்துத் தூங்கினேன்.

தலைவர் விவரமானவர். மறுநாளே உத்தரவு போட்டார். சங்கு ஊதும்போதெல்லாம் செங்கமலம் திரையில் தோன்றிக் கொட்டாவி விட வேண்டும். பதவியின் பெயர் ஊர்க் கொட்டாவியாளர். ஒரு பருவம் முழுக்க அவள் விட்டாள். ஒரு சவ்வு கிழியவில்லை. அவளைத் தெருவில் பார்த்தால் வயசானவர்கள் கும்பிட்டார்கள். கும்பிடும்போதே கொட்டாவியும் வந்துவிடும்.

பருவத்தின் நடுவில் ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“டாக்டரய்யா, எல்லாரு காதும் நல்லாயிருக்கு. எம் புள்ள மட்டும் ஏன் சங்கு ஊதினாலே துடிக்குது? பாலும் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

குழந்தையின் வாயைத் திறந்து காட்டினேன். மேலண்ணத்தின் பின்பக்கம் பிளந்திருந்தது. உதட்டில் எதுவும் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

“சந்தைத் தொறக்குற தசைக்கு இந்த அண்ணந்தாம்மா பிடிமானம். அது ரெண்டா இருக்கு. கொட்டாவி விட்டாலும் பால் குடிச்சாலும் இவளுக்குச் சந்து தொறக்காது. அண்ணத்தத் தைக்கலாம், இன்னும் கொஞ்சம் எடை ஏறணும். ஆனா அதுவரைக்கும் விட முடியாது. சவ்வுக்குப் பின்னால தண்ணி கட்டி நிக்குது.”

“நின்னா?”

“காது மந்தமாவும். சத்தம் கேட்டாத்தானே பேச்சு வரும்.”

அவள் குழந்தையைத் திருப்பி மார்பில் சாய்த்துக்கொண்டாள். “பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அடம்னு நெனச்சேன். என்னை அம்மான்னு கூப்பிடுவாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லுங்க.”

“சவ்வுல ஒரு சின்னக் குழாய் வைக்கலாம். அரிசியில பாதி இருக்கும். தண்ணி வடிஞ்சிரும். அப்புறம் காத்து உள்ளயும் வெளியயும் தானா போய்வரும். சந்து தொறக்கவே வேணாம். ஆனா நான் குழாய் வைக்கிற காலையில பந்தல்ல அழுத்தம் மாறக் கூடாது. சவ்வு ஆடினா என் கை தப்பிரும். தலைவர்கிட்டச் சொல்றேன்.”

தலைவர் கேட்டுக்கொண்டார். “பாவம்” என்றார். “பருவம் முடியட்டும்” என்றார். அடுத்த வாரம் போனேன். மறுபடி “பருவம் முடியட்டும்”. மூன்றாம் முறை போனபோது நான் உட்கார்ந்தேன். அந்த அறையில் அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை. அதில் அவருக்கே கொஞ்சம் மனசு இளகி, உள்ளதைச் சொன்னார்.

“டாக்டர், புள்ளைக்குச் சரியானா புள்ள தூங்கும். புள்ள தூங்கினா அவ தூங்குவா. அவ தூங்கிட்டா ஊருக்கு யாரு கொட்டாவி விடுறது?”

“நீங்க விசிறிய மெதுவா ஓட்டலாம்.”

“கரண்டு?”

“அப்ப ஒரு பொம்பளையோட தூக்கத்தையும் ஒரு புள்ளையோட காதையும் எடுத்து விசிறி ஓட்டுறோம். அதானே?”

“நீங்க எல்லாத்தையும் ரொம்ப உரக்கச் சொல்றீங்க,” என்றார் அவர், வருத்தத்தோடு.

நான் வேதரத்தினத்திடம் நடந்ததைச் சொன்னேன். அதிகம் பேசாத ஆள். எழுந்துபோய், விசிறிக் கூடத்து வாசலில் ‘எண்ணெய் போடுகிறோம்’ என்று ஒரு பலகையை மாட்டினான். “நாளைக்குக் காலையில சக்கரத்த யாரும் தொட முடியாதுங்க. நீங்க வேலையப் பாருங்க,” என்றான்.

மறுநாள் குழந்தையை மயக்கத்தில் வைத்து இரண்டு காதிலும் குழாய் வைத்தேன். தண்ணீர் வடிந்தது, தேன் மாதிரி இழுபட்டது. இனிமேல் கேட்குமா என்பதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. விசிறி இரைச்சலுக்கு நடுவில் என் கருவிகள் எதையும் தெளிவாகக் காட்டவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாலும், குழந்தை திரும்பாதது காதாலா இரைச்சலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் குழந்தை தூங்கினாள். சங்கு ஊதியது, தூங்கினாள். விசிறி வேகமெடுத்தது, புரண்டு படுத்துத் தூங்கினாள். அவளைப் பார்த்துக்கொண்டே செங்கமலமும் தூங்கினாள். வேதரத்தினம் சோறு வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள்.

தலைவர் பயந்த மாதிரியேதான் ஆயிற்று. அடுத்த புயலுக்குப் பட்டப்பகலில் சங்கு ஊதியது. செங்கமலம் திரையில் வந்தாள். கன்னம் மினுங்கியது. வாயைத் திறந்தாள், பல் டாக்டரிடம் காட்டுவது போலிருந்தது. மறுபடி திறந்தாள். கடைத்தெருவில் சிரிப்பு கிளம்பியது. “ஏ தாயி, என்னா இப்படி அழகாயிட்ட!” என்று யாரோ கத்தினார்கள்.

வெளியில் புயல் பந்தலை அழுத்தியது. விசிறிகளை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பந்தல் ஊர்மேல் விழும். திரைக்கு வெளியே அவள் பக்கத்தில் நின்ற தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவரும் எத்தனையோ நாள் தூங்காதவர்தான். செங்கமலத்தை நகரச் சொல்லிவிட்டுத் திரைக்கு வந்து, ஊருக்காகத் தானே கொட்டாவி விட்டார்.

நல்ல கொட்டாவி. ஒரு டாக்டராகச் சொல்கிறேன், அப்பழுக்கில்லாத கொட்டாவி. ஆனால் திரையில் தலைவர் முகம் தெரிந்ததும் ஊர் எழுந்து நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். எல்லாருக்கும் கொட்டாவி முட்டிக்கொண்டு வந்தது. தலைவர் முகத்துக்கு நேராக எப்படி விடுவது? பல்லைக் கடித்தார்கள். உதட்டை மடித்தார்கள். கையைக் கட்டி, வாயை இறுக மூடி, கண்ணில் நீர் வழிய மரியாதையாக நின்றார்கள். நின்றபடியே ஒவ்வொரு காதாகக் கிழிந்தது. தலைவர் விட விட மரியாதை கூடியது. மரியாதை கூடக் கூட ரத்தம் வந்தது.

அன்றைக்கு ஊரில் காது நன்றாக இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கொட்டாவி விட்ட தலைவர். இன்னொன்று குழாய் வைத்த குழந்தை. நானும் எழுந்து நின்றவன்தான்.

சில வாரம் போய், கிழிந்த சவ்வுகள் ஒட்டிவரும் நேரத்தில், ஒரு காலை ஊர் செங்கமலத்தின் வாசலுக்கு வந்தது. யாரும் கோபமாக இல்லை. கோபப்பட யாருக்கும் தெம்பில்லை. காதில் பஞ்சோடு தருமாம்பாள் டீச்சர் முன்னால் நின்றார். இந்த முறை அவருக்கு இரண்டு காதும் போயிருந்தது.

“செங்கமலம், தப்பா நெனைக்காத. எனக்குப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க சொல்றது ஒண்ணும் கேக்கல. நாப்பது புள்ளைங்களுக்கும் காதுல பஞ்சு. அடுத்த புயலு வரப்போவுதாம். அந்தக் குழாய... எடுத்துட்டு மறுபடி வைக்கலாமாமே?”

“யாரு சொன்னா?”

“தலைவர்தான். பருவம் முடியுற வரைக்குந்தானாம். ஒரு புள்ள அழுதா ஊரு பொழைக்கும்.”

செங்கமலம் என்னைப் பார்த்தாள். எடுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும், மறுபடி தண்ணீர் கட்டும் என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

“டீச்சர்,” என்றாள் அவள், அவர் காதருகே போய். “ஒங்க பொண்ணுன்னா எடுப்பீங்களா?”

டீச்சர் காதுப் பஞ்சை அமுக்கிக்கொண்டார். “எங்கிட்டக் கேக்காத,” என்றார். “எனக்குத் தூங்கணும்.”

வேதரத்தினம் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு விசிறிக் கூடத்துக்குப் போனான். புயல் நாகைக்கு வர இன்னும் ஒரு முழுப் பகல் இருந்தது. கூடத்தின் கதவை உள்ளே தாழிட்டான். முதல் டீ குடிக்கிற நேரத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினான். இரண்டாம் டீக்கு இன்னும் கொஞ்சம். தலைவர் வந்து கதவைத் தட்டினார். அவன் திறக்கவில்லை. தலைவரின் அதிகாரம் முழுக்க அவர் எதிரில் நிற்பவர்கள்மேல்தான். கதவுக்குப் பின்னால் இருப்பவனை அவர் என்ன செய்ய முடியும்? சாயங்காலம் புயல் வந்தபோது பந்தல் கல்லாக நின்றது. சங்கு ஊதவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை. ஒரு காதுகூட வலிக்கவில்லை. ஊர், எதற்கும் விழித்துக்கொள்ளாமல், பல வருஷத்துத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கித் தீர்த்தது.

அது எப்படி நடந்தது என்று யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. வலிக்காத ஒன்றை யார் கவனிக்கிறார்கள்? மின்வாரியம்தான் கவனித்து, கழகத்துக்குப் பெரிய பில் அனுப்பியது. வேதரத்தினத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். செங்கமலத்தின் பதவி காலியானதாக அறிவித்து, ஆள் கேட்டு விளம்பரம் ஒட்டினார்கள்: திரையில் தோன்றத் தயக்கமில்லாத தாய்மார்கள் விண்ணப்பிக்கலாம், கைக்குழந்தை இருத்தல் அவசியம், இரட்டைக் குழந்தை உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சுவரில் பசை காய்வதற்குள் வாசலில் வரிசை நின்றது. அதைப் பார்த்துவிட்டு நானும் பெட்டியைக் கட்டினேன்.

நாங்கள் நாலு பேரும் ஒன்றாகவே வெளியேறினோம். முதல் கதவு, அப்புறம் இரண்டாம் கதவு. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் என் காதில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. விசிறி இரைச்சல் நின்றுபோயிருந்தது. உப்பளத்துப் பக்கம் வெறும் வெளி. செங்கமலம் குழந்தையை வேதரத்தினத்தின் தோளில் கொடுத்துவிட்டு, பின்னால் பத்தடி போய் நின்று, “தென்றலு!” என்று கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டாள். குழந்தை அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். செங்கமலம் என்னைப் பார்க்கவே இல்லை. நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போது கருவேல மரத்தடியில் ஒரு ஆடு கத்தியது. குழந்தை பொத்தானை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி, ஆடு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதையே பார்த்தாள்.

“பெத்தவ தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், ஆட்டப் பாக்குறா பாருங்க டாக்டரய்யா!” என்று செங்கமலம் அந்த உப்புத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வேதரத்தினம் ஆட்டை இன்னொரு தரம் கத்தவைப்பதற்காக அதன் பின்னால் ஓடினான்.

புன்னைக்கரையில் முதன்முதலாகப் பந்தல் போடுவதற்கான டெண்டரையே அடுத்த மாதம்தான் திறக்கிறார்கள்.